செவலையின் கால்

ஜூன் 21, சனி

டுரியான் விழத் தொடங்கிவிட்டது. வேலிக்கு அப்பால் நிற்கும் கிழட்டு மரத்திலிருந்து இரவில் ‘தொப்’பென்று ஒரு சத்தம், உடனே எங்கள் நாய் செவலை காதை நிமிர்த்துகிறாள். பழத்தைத் தேடிக் காட்டுப்பன்றி வரும் என்று அவளுக்குத் தெரியும். சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் இந்தக் கீரைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கும் எங்களுக்கு இது ஏழாவது டுரியான் பருவம், அவளுக்கு நான்காவது. நேற்றிரவு ஒரு தாய்ப்பன்றி ஐந்து குட்டிகளோடு வந்து கங்கோங் கீரைப் பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டது. குட்டிகளின் முதுகில் இன்னும் வரி மறையவில்லை. அந்த நிலையில் இருக்கும் தாயை நாய் விரட்டினால் நாய்க்குத்தான் ஆபத்து. இனிப் பொழுது சாய்ந்ததும் இவளைக் கட்டிப்போட வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

மேற்கே ராணுவப் பயிற்சி நிலத்தில் காலையிலிருந்து சுடும் சத்தம். பன்றிக்கு அஞ்சாதவள் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, மலேசியாவில் குலாய் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்துக் கதையைச் சொன்னார். ஞாயிறானால் நாய்களோடு பன்றி வேட்டை. கிடைத்த கறியைத் தொழிலாளர் லயத்தில் வீட்டுக்கு வீடு கூறு போட்டுக் கொடுப்பார்களாம்.

“இங்கேயும் பிடிக்கலாமா தாத்தா?” என்றான் மகன்.

கூடாது என்று நான் சொன்னேன். 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி, தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் பிடிக்கவும் கூடாது, கொல்லவும் கூடாது, தீனி போடவும் கூடாது. தீனி போட்டால் என்ன என்று கேட்டான். மனிதரைக் கண்டு ஒதுங்கிப் போகிற பன்றி, பை தூக்கி வருகிறவரைத் தேடி ரோட்டுக்கு வந்துவிடும் என்றேன்.

ஜூன் 28, சனி

கயிற்றைக் கடித்துக்கொண்டு நேற்றிரவு ஓடிவிட்டாள். ஒரு மணி வரை கூப்பிட்டும் வரவில்லை. விடிந்ததும் நானும் என் கணவரும் காட்டோரம் தேடினோம். முனகல்தான் வழி காட்டியது. முன்னங்காலில் மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியால் செய்த சுருக்கு. இழுத்து இழுத்துத் தோலுக்குள் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே பாதம் இரண்டு மடங்கு வீங்கிக் குளிர்ந்து கிடந்தது. அவர் குறட்டால் கம்பியை வெட்டும் வரை என் மணிக்கட்டை வாயில் கவ்வியபடியே இருந்தாள். பல் பதியவே இல்லை.

இதை மண்ணில் வைத்துவிட்டுப் போனவர் யாரோ! பன்றிக்கு வைத்ததாகவே இருக்கட்டும், பன்றிக்கு மட்டும் வலிக்காதா?

ஜூன் 29, ஞாயிறு

வெட்டிய கம்பியை மாமா கையில் வாங்கி, முடிச்சை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

“இதே முடிச்சைத்தான் நானும் போடுவேன், அம்மா.”

வேட்டைக் கதைகளில் இதுவரை அவர் கண்ணியைப் பற்றிச் சொன்னதே இல்லை. ஒரு முறை போய்ப் பார்த்தபோது கண்ணியில் கால் மட்டும் கிடந்ததாம். பன்றியைக் காணோமாம். அதற்குப் பிறகும் வைத்தேன் என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூலை 1, செவ்வாய்

கழகத்துக்குத் தகவல் சொல்லியிருந்தோம். அதிகாரிகள் இருவர் வந்தார்கள். எழுபத்தெட்டு வயதில், வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், மாமா முன்னால் நடந்தார். பன்றித்தடம் ஒடுங்கும் இடம், வளைந்து நிற்கும் இளஞ்செடி, சருகு மட்டும் புதிதாகக் கிடக்கும் தரை என்று கைத்தடியால் தொட்டுக் காட்டினார். மூன்று கண்ணிகள் அகப்பட்டன.

ஜூலை 3, வியாழன்

கால் தப்பியது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 12, சனி

இரவு மறுபடியும் ‘தொப்’. செவலை மூன்று காலில் எழுந்து நின்று குரைத்தாள். வேலிக்கு அப்பால் தாய்ப்பன்றி. பின்னால் குட்டிகளை எண்ணினேன், ஐந்தும் இருந்தன. மாமா சங்கிலியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அவள் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். “போகட்டும், தின்றுவிட்டுப் போகட்டும்” என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.