ராஜாவின் நாய்களும் பேர் இல்லாத தாயும்

மார்ச் 9, சனி

பாரிஸ், மாரே பகுதியில் இருக்கும் வேட்டை அருங்காட்சியகம். பாடம் செய்த விலங்குகளைத் தாண்டிப் போனால் பிரான்சுவா தெபோர்த் 1702-ல் வரைந்த படம். பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயி வளர்த்த மூன்று பெட்டை வேட்டை நாய்கள். ஒவ்வொன்றின் பேரும் தங்க எழுத்தில். மார்லி மாளிகையில் மாட்டுவதற்காக வரைந்தாராம். ராஜா ஒரு தரம் திரும்பிப் பார்க்கமாட்டாரா என்று பிரபுக்கள் வெர்சாய் அரண்மனையில் கால்கடுக்க நின்ற காலம் அது. நாய்களுக்கோ பேர் போட்டுப் படம்! கொடுத்துவைத்தவை.

மார்ச் 10, ஞாயிறு

லூவர் அருங்காட்சியகத்தில் தெபோர்த் தன்னையே வரைந்த படம், 1699. ராஜாவின் ஓவிய அகாடமியில் சேரக் கொடுத்தது. மரத்தடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நாய்கள், வேட்டையில் விழுந்த பறவைகள். உடையில் ஒரு பொட்டு மண் இல்லை. அன்றைக்கு இவர் காட்டுப்பக்கம் போயிருப்பார் என்று நான் நம்பமாட்டேன்.

மற்ற நாட்களில் நிஜமாகவே போனவர்தான். ராஜாவின் வேட்டைக்குக் கூடவே போய், சின்ன நோட்டில் நாய்கள் நிற்பதையும் பதுங்குவதையும் கிறுக்கிக்கொள்வார். ராஜா பொறுக்கியெடுத்தவை பெரிய படமாகும். அதற்குமுன் போலந்து அரசவையில் மனிதர்களை வரைந்து பிழைத்தவர். அந்தக் கை நேற்றுப் பார்த்த படத்திலும் தெரிகிறது: மூன்று நாய்க்கும் மூன்று முகம்.

மார்ச் 13, புதன்

அடுத்த ராஜாவின் நாய்களை வரைந்தவர் ஷான்-பாதிஸ்த் ஊத்ரி. 1749-ல் அகாடமியில் தன் குரு லார்ஷிலியேர் பற்றிப் பேசியிருக்கிறார். பூ பறித்து வா என்று குரு அனுப்ப, இவர் கலர் கலராகக் கொண்டுவந்தார். வேண்டாம், வெள்ளைப் பூக்களை மட்டும் பறித்து வா என்றார் குரு. வெள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளையை வைத்தால்தான் எது மஞ்சளோடியது, எது நீலமோடியது என்று கண்ணுக்குப் பிடிபடும். இதைவிட நல்ல வகுப்பு இருக்குமா!

மார்ச் 16, சனி

மறுபடி மாரே. இந்தத் தடவை ஊத்ரியின் 1752 படத்துக்காகவே. வைக்கோலில் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் நாய். முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கியே வைத்திருக்கிறது. ஊன்றினால் குட்டி நசுங்கும். கண்ணில் பயமும் இருக்கிறது, கிட்டே வந்தால் கடிப்பேன் என்பதும் இருக்கிறது. தெபோர்த்தின் நாய்கள் ராஜாவுக்காக நிற்கின்றன. இது யாருக்காகவும் நிற்கவில்லை. எனக்கு இதுதான் ஒரு படி மேல்.

இதற்குப் பேரும் எழுதவில்லை. 1753 சலோன் கண்காட்சியில் வைத்தபோது வாங்கியவர், பின்னாளில் கடவுள் இல்லை என்று புத்தகம் எழுதிய பாரோன் தோல்பாக்.