கண்ணகி எங்கெல்லாம் பேசுகிறாள்? இலக்கியத் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் எடுத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, கண்ணகியின் பண்புநலன்களை ஆராய்க என்று வந்தால் எத்தனை பண்பு எழுதணும்?" நானும் ஏ நிலைத் தேர்வுக்குத் தமிழ்மொழியும் இலக்கியமும் எச்2 நிலைப் பாடமாகப் படித்தவள்தான், இப்போது வார இறுதிகளில் சிலருக்குத் துணைப்பாடம் சொல்லித் தருகிறேன், அதனால் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் என் பதில் ஒன்றுதான்: எண்ணிக்கையை விட்டுவிடுங்கள்.

பெரும்பாலானவர்கள் எழுதுவது இப்படித்தான் இருக்கும். கற்புடையவள், பொறுமைசாலி, துணிவுள்ளவள், நீதி கேட்பவள் என்று நாலு பண்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்கோள், கீழே இரண்டு வரி விளக்கம். ஆங்கில இலக்கிய வகுப்பில் பழகிய 'பீல்' (கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு) பத்தி அமைப்பு அப்படியே இங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த அமைப்பில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை, பத்தி சிதறாமல் இருக்க அது உதவும். ஆனால் அதற்குள் வைக்கும் சரக்கு வெறும் பண்புப் பெயராக இருந்தால் பாத்திரம் நகராது. அவ்வளவு பொறுமையாக இருந்த பெண் எப்படி அரசவையில் போய் நின்றாள், நடுவில் அவளுக்கு என்ன ஆனது என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரையில் இடமே இருக்காது. ஆராய்தல் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, என்ன செய்யலாம்? சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் பாடப்பகுதி வேறாக இருந்தாலும் வழி இதுதான். ஒரு தாளை எடுத்து, கண்ணகி பேசும் இடங்களை மட்டும் காதை (நூலின் உட்பிரிவு) வரிசையில் எழுதுங்கள். மற்றவர்கள் அவளைப் பற்றிச் சொல்வது வேண்டாம், அவள் வாயால் சொல்வது மட்டும். புகார்க் காண்டத்தில் அவள் பேசுவதே அபூர்வம் என்பது உடனே தெரிந்துவிடும். மனையறம்படுத்த காதையில் கோவலன் அவளை வாயாரப் புகழ்கிறான், அவள் பக்கத்திலிருந்து ஒரு பதிலும் இல்லை. பிறகு கனாத்திறம் உரைத்த காதையில் அவள் தோழி தேவந்தி வந்து, சோமகுண்டம் சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு கூடி வாழலாம் என்று யோசனை சொல்கிறாள். கண்ணகியின் பதில் 'பீடு அன்று'. அது பெருமை இல்லை என்கிறாள், அவ்வளவுதான், வேறு விளக்கம் கிடையாது. அதே காதையில் கோவலன் திரும்பி வந்து, முன்னோர் தேடிய பொருளையெல்லாம் தொலைத்துவிட்டேன், இந்த வறுமை எனக்கு வெட்கத்தைத் தருகிறது என்று சொல்ல, அவள் சிரித்த முகத்தோடு 'சிலம்புள கொண்ம்' என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் எல்லாரும் 'பொறுமை' என்று எழுதிவிட்டு அடுத்த பண்புக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல்தான் அவன் வாடுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டதாக உரைகாரர்கள் சொல்வார்கள். அப்படியானால் அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? இந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொண்டு கொலைக்களக் காதைக்குப் போங்கள். மதுரையில் அடைக்கலம் தந்த இடையர்குல மூதாட்டி மாதரியின் மனையில் சாப்பிட்டு முடித்த பிறகு கோவலன், நான் 'எழுக' என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்று வருந்துகிறான். அப்போதுதான் கண்ணகி நிறையப் பேசுகிறாள். அறவோர்க்கு அளிப்பதும் விருந்து எதிர்கொள்வதும் இழந்து நின்ற என்னைப் பார்க்க உங்கள் பெற்றோர் வந்தார்கள், நான் உள்ளே ஒளித்த நோயையும் துன்பத்தையும் என்னுடைய 'வாயல் முறுவல்' காட்டிக்கொடுத்தது, அவர்கள் மனம் வருந்தினார்கள் என்கிறாள். வாயல் முறுவல் என்றால் உண்மையில்லாத சிரிப்பு. அதையடுத்து நேருக்கு நேராக வருகிறது 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்'. நல்லவர் விரும்பாத காரியத்தைச் செய்தீர்கள் என்று கணவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள்.

இப்போது கனாத்திறம் உரைத்த காதைச் சிரிப்பைத் திரும்பிப் பாருங்கள். அவள் வலி இல்லாதவளாக இருந்தாள் என்று இனி எழுத முடியுமா? இத்தனை நாளும் உள்ளே ஒரு கணக்கு இருந்திருக்கிறது, தீர்ப்பும் இருந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டிய இடம் வரும்வரை வைத்திருந்தாள். அப்படிப் படித்து வந்தால் வழக்குரை காதையில் 'தேரா மன்னா செப்புவது உடையேன்' என்று அவள் தொடங்கும்போது அது வேறொரு பெண்ணின் குரலாகக் கேட்காது. தேவந்தியிடம் இரண்டே சொல்லில் மறுத்தவளும் கணவனிடம் குற்றத்தை நேராகச் சொன்னவளும்தான் அரசனிடம் பேசுகிறாள். வழக்குரை காதையில் துணிவு 'திடீரென' வந்தது என்று எழுதுபவருக்கும், அது படிப்படியாக எப்படி வெளியே வந்தது என்று நான்கு இடங்களை வைத்துக் காட்டுபவருக்கும் உள்ள வித்தியாசம் திருத்துபவர் கண்ணில் படாமல் போகாது.

கோவலனுக்கும் இதே முறைதான். அவனைத் தவறிய கணவன் என்று ஒரே வரியில் முடித்துவிட ஆசை வரும். ஆனால் அடைக்கலக் காதையில் மாடல மறையோன் வந்து, யானையிடமிருந்து ஒரு கிழவரைக் காப்பாற்றியது முதல் கோவலனின் பழைய நற்செயல்களையெல்லாம் சொல்கிறான். அடுத்த காதையில் கோவலன் சாகப் போகிறான். அந்தச் செய்திகளை ஆசிரியர் ஏன் இவ்வளவு தள்ளி, சாவுக்கு முந்தின காதையில் கொண்டுவந்து வைக்கிறார்? இதற்கு நீங்களே யோசித்து எழுதும் பதில் எந்த மாதிரிக் கட்டுரையிலும் கிடைக்காது. மாதவியின் இரண்டாவது கடிதத்தையும் விடாதீர்கள். அதைப் படித்ததும் கோவலன் அவள்மேல் தவறில்லை, தவறு தன்னுடையது என்று உணர்கிறான். அதோடு நிற்காமல் அதே ஓலையைத் தன் பெற்றோருக்கே அனுப்பிவைக்கிறான், அதில் மாதவி எழுதிய மன்னிப்பு அவன் அவர்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பாகவும் பொருந்துகிறது. மாதவி, கோவலன் இருவரையும் ஒரே இடத்தில் பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அப்புறம் கருப்பொருள். நூலின் முன்னுரைப் பகுதியான பதிகத்தில் மூன்று உண்மைகள் இருக்கின்றன, எல்லாருக்கும் மனப்பாடம்: அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். கருப்பொருள் கேள்வி வந்தால் இந்த மூன்றையும் முன்னுரையில் போட்டு, மூன்று பத்தி எழுதி, முடித்துவிடுகிறார்கள். பாதுகாப்பான விடைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மூன்றும் ஒன்றோடு ஒன்று மோதுவதைக் கவனித்தீர்களா? எல்லாம் ஊழ் என்றால் பாண்டியன் மேல் என்ன குற்றம்? ஊழ் அவனைப் பிடித்துத் தள்ளியது என்றால் கண்ணகி யாரிடம் நீதி கேட்கிறாள்?

இதற்கு நூலுக்குள்ளேயே ஒரு வரி இருக்கிறது. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு அரசன் ஆணையிடும் இடத்தில் ஆசிரியர் 'வினைவிளை காலம் ஆதலின்' என்றும் சொல்கிறார், 'தேரானாகி' என்றும் சொல்கிறார். வினை விளையும் நேரம், அதே நேரம் அவன் விசாரிக்கவும் இல்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அந்த நேரத்தில் அரசன் எந்த மனநிலையில் இருந்தான் என்பதையும் பாருங்கள். ஆடல் மகளிர்மேல் அவன் மனம் போனது என்று ஊடிய தேவி, தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள், அவளைச் சமாதானம் செய்யப் போகும் அவசரத்தில் வாசலில் குறுக்கே வந்தவன்தான் அந்தக் கொல்லன். ஆடலால் மனம் போன கணவனும் வருந்தும் மனைவியும் புகாரிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. ஆசிரியர் இதைச் சும்மா வைத்திருக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். தீர்ப்பு சொல்ல வேண்டியவன் வீட்டுக் கவலையோடு நடந்துகொண்டே ஆணையிட்டான் என்பதில் ஊழ் எவ்வளவு, பிழை எவ்வளவு என்று வாதிடுங்கள். 'யானோ அரசன் யானே கள்வன்' என்று பாண்டியன் சொல்லும்போது அவன் ஊழைக் காரணம் காட்டவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

கருப்பொருளை ஒரு பெயராக எழுதிவைக்காமல், இரண்டு பேர் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்லும் இடமாகத் தேடினால் எந்த நூலிலும் சீக்கிரம் கிடைக்கும். கம்பனில் கும்பகருணனும் வீடணனும் அப்படித்தான். அண்ணன் செய்தது தவறு என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. சானகியின் துயர் இன்னும் தீரவில்லையா என்று எழுந்து வந்ததும் இராவணனிடமே கேட்டவன் கும்பகருணன். இருந்தும் தம்பி வந்து அழைக்கும்போது, நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான், நீ போய் இராமனோடு சேர் என்று தம்பியை வழியனுப்பவும் செய்கிறான். யார் சரி என்று கம்பன் கையைப் பிடித்துக் காட்டவில்லை, நீங்களும் அவசரப்பட்டு ஒருவர் பக்கம் சாய வேண்டாம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம்மூரில் விவாத மேடைகளில் பழகிய பிள்ளைகள் நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள், எனக்கு அதில் ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று ஒரு கட்சி எடுத்து மற்றதை வெட்டிப் பேசும் பழக்கம் இலக்கியக் கட்டுரைக்கு ஆகாது. உங்கள் கருத்துக்கு எதிராக நிற்கும் வரியையும் நீங்களே எடுத்துவந்து பேச வேண்டும்.

மேற்கோள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். நீளமாக மனப்பாடம் செய்ய வேண்டாம். 'சிலம்புள கொண்ம்', 'போற்றா ஒழுக்கம்', 'தேரானாகி' மாதிரி இரண்டு மூன்று சொல் போதும், அதை உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே இழைத்து எழுதுங்கள். சந்தி பிரித்து வாய்விட்டுப் படித்தால் தானாகவே மனதில் நிற்கும். வீட்டில் ஆங்கிலமே அதிகம் புழங்கும் பிள்ளைகளுக்கு இது ரொம்பவே உதவுகிறது. முதல் வாசிப்பில் பாதி புரியாது, பரவாயில்லை. ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டுத் தமிழில் எழுத உட்காராதீர்கள், மேலே சொன்ன சிரிப்பும் அந்த இரண்டு சொல் பதிலும் மொழிபெயர்ப்பில் எளிதில் கண்ணில் படாது.

சிலப்பதிகாரத்தின் மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சில்தான் படிப்பேன் என்பவர்கள் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தமிழ் நூல் பகுதிக்கு ஒருநாள் போய்வாருங்கள். உ.வே.சாமிநாதையர் 1892-ல் பதிப்பித்த பிறகு இந்த நூலுக்கு எத்தனையோ பேர் உரை எழுதியிருக்கிறார்கள், இரண்டு உரைகளைப் பக்கத்தில் வைத்து ஒரே காதையைப் படித்தால் உரைகாரர்களே எங்கே வேறுபடுகிறார்கள் என்று தெரியும். ஆனால் முதலில் மூலம், உங்கள் தாள், உங்கள் கேள்விகள். உரை அதற்குப் பிறகுதான்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் கொலைக்களக் காதையில் தொடங்குங்கள். அதில் கண்ணகி பேசும் பகுதியை மட்டும் இன்றிரவு சந்தி பிரித்து எழுதிப் பாருங்கள், அங்கிருந்து பின்னால் கனாத்திறத்துக்கும் முன்னால் வழக்குரைக்கும் போவது எளிது.