கச்சானுக்கு முகம் காட்டிய கட்டடம்

நான் வரைந்த முதல் வாடகைக் கட்டடம் மேற்கைப் பார்த்து நின்றது. மட்டக்களப்புக் கல்லடியில், கடல் பக்கமாக, பிரதான வீதிக்குச் சமாந்தரமாக ஓடும் ஒரு சின்னத் தெரு. ஆறு அறை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே சீலிங், வெள்ளை டைல்ஸ். காணிக்காரர் எனக்கு மாமா முறை. "கண்ணாடி போட்டாத்தான் மனே கடை எண்டு தெரியும்" என்றார். நானும் அப்போது படிப்பை முடித்து ஊருக்கு வந்த புதிசு, கொழும்பில் பார்த்த கட்டடங்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன, சரி மாமா என்று தலையாட்டிவிட்டேன்.

கடை வைக்க யாரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் கையால் ஏதாவது செய்கிறவர்கள்: டீசேர்ட்டுக்கு ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்கும் ஒரு தம்பி, கலியாண அல்பம் செய்யும் ஒரு போட்டோக்காரர், சாரி பிளவுசுக்கு ஆரி வேலை செய்யும் இரண்டு அக்காமார். ஜூனில் கச்சான் தொடங்கியது. (கொறிக்கிற கச்சான் இல்லை, காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் வற்றி, இறங்கும்போது சூடேறி எங்கள் பக்கம் வந்து சேரும்.) பின்னேரம் மூன்று மணிக்குக் கண்ணாடிக்குப் பின்னால் மனிதர் இருக்க முடியாது. பிரிண்ட் அடிக்கிற தம்பிக்கு, மை இறங்கும் ஸ்கிரீனின் நெட்டுக்குள்ளேயே அது காய்ந்து அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு பத்து டீசேர்ட்டுக்கும் கழுவ வேண்டும். கடைசியில் பழைய ஃபிளெக்ஸ் பேனர்களை வாங்கிக் கண்ணாடி முழுக்கக் கட்டித் தொங்கவிட்டார்கள். தெருவில் போகிறவர்களுக்கு யாரோ ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டுப் படம்தான் தெரிந்தது. என் கண்ணாடி முகப்பு அதோடு சரி.

இதில் எனக்கு உறைத்தது வெக்கையை விட வாடகைதான். அந்தக் கண்ணாடி, சீலிங், டைல்ஸ், ஆறு அறைக்கும் ஆறு மலசலகூடம் என்று போட்ட காசெல்லாம் மாதவாடகையில் ஏறியிருந்தது. டைல்ஸில் மை கொட்டிக் கறுத்துவிட்டது, சீலிங்கை லைட் தொங்கவிட வேண்டும் என்று போட்டோக்காரரே வெட்டி எடுத்துவிட்டார். அவர்களுக்குத் தேவையில்லாத சாமானுக்கு அவர்களே மாதாமாதம் காசு கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருசத்துக்குள் பாதிப் பேர் வீட்டு விறாந்தைக்கே திரும்பிப் போய்விட்டார்கள்.

செலவைக் குறைக்கச் சொன்னால் நாங்கள் முதலில் கை வைப்பது கூரையின் உயரத்திலும் தாழ்வாரத்தின் அகலத்திலும் அத்திவாரத்தின் மட்டத்திலும். டைல்ஸில் மட்டும் கை வைக்க மாட்டோம், அது கண்ணுக்குத் தெரிகிறதல்லவா. உண்மையில் மாற்றிப் பிடிக்க வேண்டும். வாடகைக்கு வருகிறவன் பூச்சுப் பூசிக்கொள்ளலாம், தட்டு அடித்துக்கொள்ளலாம், ஆனால் கூரையை உயர்த்தவோ கட்டடத்தைத் திருப்பி வைக்கவோ அவனால் முடியாது. காசு அங்கேதான் போக வேண்டும்.

திருப்பி வைப்பது பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து வரைந்தால் இங்கே பிழைக்கும். ஸ்டூடியோ என்றால் வடக்கு வெளிச்சம், அங்கே வெயிலே வராது என்று அந்தப் புத்தகங்களில் இருக்கும். மட்டக்களப்பு கிட்டத்தட்ட 7.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் கிழமை தொடக்கம் செப்டெம்பர் ஆரம்பம் வரைக்கும் எங்களுக்கு மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம்தான். ஆனாலும் ஜூனில்கூட அது 74 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும், அதனால் நாலடி ஜன்னலுக்கு மேல் இரண்டடித் தாழ்வாரம் இருந்தால் வடக்கு ஜன்னலில் மத்தியான வெயில் விழாது. டிசெம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து 59 பாகைக்கு இறங்கும், அந்தப் பக்கம் இரண்டரை அடியாவது வேண்டும். மேற்குச் சுவருக்கு எந்தத் தாழ்வாரமும் உதவாது, வெயில் நேராக உள்ளே வரும். அங்கே கதவு ஜன்னல் வைக்காமல் மலசலகூடத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் சாமான் அறையையும் தள்ளிவிட வேண்டியதுதான்.

இரண்டாவது கட்டடம் மருதமுனைக்குப் பக்கத்தில். கைத்தறிக்குப் பேர் போன ஊர். இந்த முறை ஒரே நீளக் கூரை, குறுக்குச் சுவர்கள் பாரம் தாங்காதவை, அதனால் இரண்டு அறையை ஒன்றாக்கலாம், ஒன்றைப் பிரிக்கலாம். சுவருக்கு மேலே பூக்கல், அதாவது காற்றுப் போக ஓட்டை விட்ட சீமெந்துக் கல். மலசலகூடம் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி மீற்றர், இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், ஸ்திரிக்கைப் பெட்டி வைத்திருக்கிறவருக்கும் ஒரு லப்டொப் வைத்திருக்கிறவருக்கும் ஒரே பில் வந்தால் நட்பு அதோடு முடிந்தது. விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையின் நீட்சியாக விடாமல் தனியாகக் கட்டினேன். 1978 நவம்பர் 23 சூறாவளியில் தகரம் பறந்த கதையை அம்மா சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். அகலத் தாழ்வாரம் வெயிலுக்கு நல்லது, புயலுக்கு அது ஒரு பிடி. பிய்ந்தால் விறாந்தை மட்டும் போகட்டும்.

இதெல்லாம் சரியாக வந்தது. பிழைத்த இடம் வேறு. ஒரு அறைக்குத் தறி வைத்திருக்கும் ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்தார், பக்கத்து அறைக்கு ஒரு போட்டோக்காரர். முதல் கச்சானிலேயே நானாவுக்குப் பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்து அறுந்து விழத் தொடங்கியது. பருத்தி நூலுக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் முறியும். "தம்பி, காத்து நல்லா வருது, அதுதான் பிரச்சினை" என்றார். அந்தக் காலத்துக் குழித்தறி ஏன் நிலத்துக்குள் இறங்கி இருந்தது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது, குழியின் ஈரம் நூலுக்கு. மாரி வந்ததும் கதை தலைகீழ். நானா சந்தோசமாக நெய்கிறார், பக்கத்து அறையில் லென்சுக்குள் பூஞ்சணம். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை மழை, ஓட்டைக் கல் வழியாக ஈரக்காற்று, பாவம் மனுசன் ஒரு பெட்டிக்குள் பல்ப் எரியவிட்டுக் கமராவை வைத்திருந்தார்.

எல்லாருக்கும் ஒரே அறை என்பது மலிவாகக் கட்ட வசதி, ஆனால் அறையின் காற்று ஒன்றாக இருக்க முடியாது. இப்போது பூக்கல்லுக்கு உள்பக்கம் திறந்து மூடக்கூடிய பலகை வைத்தாயிற்று, அவரவர் விருப்பம். நானாவின் அறையில் தறிக்குக் கீழே சீமெந்தை உடைத்து மண் தரையாக விட்டோம், காலையில் ஒரு வாளித் தண்ணீர் தெளிக்கிறார். பலகைக்கும் ஆணிக்கும் போன காசு ஒரு அறைக்கு டைல்ஸ் போடும் செலவில் கால்வாசிகூட வராது.

போன கிழமை இந்த இரண்டாவது கட்டடத்தின் காணிக்காரர் கோல் எடுத்தார். எங்கேயோ டைல்ஸ் விலை இறங்கியிருக்கிறதாம், தறி இருக்கிற அறையின் மண்ணைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது, அதற்கு மட்டும் போட்டுவிடவா என்று கேட்டார். நானாவைக் கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.