மேசோன் து லா பே: யாழ்ப்பாணத்திலிருந்து போய் வந்த பாடு

ஜெனீவாவுக்குப் போகிறேன் என்று யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது சொன்னால், மனித உரிமைப் பேரவையில் சாட்சி சொல்லவா என்றுதான் கேட்பார்கள். வதிவிடச் சான்றிதழில் கையெழுத்து வைத்த கிராம அலுவலர்கூட, “செப்டெம்பர் அமர்வுக்கா, பிள்ளை?” என்றார். என் அலுவல் அத்தனை பெரியதல்ல. மிதிவெடி அகற்றும் நிறுவனமொன்றின் தகவல் பிரிவில் வேலை பார்க்கிறேன். முகமாலைப் பக்கம் எந்தக் காணி துப்புரவாகிவிட்டது, எது மிச்சம் என்று பதிவதற்கு இம்ஸ்மா என்ற கணினி முறைமை இருக்கிறது. அதை உருவாக்கிய மனிதாபிமான மிதிவெடி அகற்றலுக்கான ஜெனீவா சர்வதேச நிலையத்தில் ஒரு குறுகிய பயிற்சி. நிலையம் இருப்பது மேசோன் து லா பே என்ற கண்ணாடிக் கட்டடத் தொகுதியில்.

அழைப்பு, விடுமுறைக் கடிதம், ஹோட்டல் பதிவு எல்லாம் சிக்கலில்லாமல் கிடைத்தன. ஆனால் அழைப்பில் என் பெயர் தலைகீழாக இருந்தது. அப்பாவின் பெயர் என் பெயராகவும், என் பெயர் குடும்பப் பெயராகவும் மாறியிருந்தன. போதாததற்கு எழுத்துக்கூட்டலும் கடவுச்சீட்டோடு ஒத்துப்போகவில்லை. எங்கள் தலைமை அலுவலகம் அனுப்பிய பட்டியலில் நேர்ந்த கூத்து அது. ஜெனீவாக்காரர் கேட்ட அன்றே திருத்தித் தந்துவிட்டார்கள். பட்டியலைத் திருத்த நம்மவர்களிடம் ஒப்புதல் வாங்கத்தான் நாள் போனது. உங்களுக்கும் இப்படி அழைப்பு வருமானால், கடவுச்சீட்டின் படப் பக்கத்தை அப்படியே அனுப்பிவிடுங்கள். பெயரைத் தட்டச்சு செய்யும் வேலையை இன்னொருவரிடம் விடாதீர்கள்.

வீசாவுக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கி, சின்னம்மா வீட்டில் குளித்துவிட்டு விண்ணப்ப நிலையத்துக்குப் போனேன். முகப்பில் இருந்தவருக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் அரைகுறை. அரை ஆங்கிலத்தில் ஒப்பேற்றினோம். கோப்பைப் புரட்டியவர் வங்கிக் கூற்றில் நின்றுவிட்டார். இணையத்தில் எடுத்தது செல்லாது, கிளையின் முத்திரையும் கையெழுத்தும் வேண்டும் என்றார். அவர்களுடைய சொந்தப் பட்டியலில் “வங்கிக் கூற்று” என்று மட்டும்தான் போட்டிருந்தது. அதை எடுத்துக் காட்டினேன். பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “அடுத்தவர்” என்று கூப்பிட்டார்.

என் கணக்கு யாழ்ப்பாணக் கிளையில். திரும்பிப் போய் வருவதென்றால் ஒதுக்கிய நேரம் பறிபோகும், புதிதாக நேரம் எடுக்க வாரங்கள் ஆகும். வாசலில் நின்ற காவலாளிதான் வழி சொன்னார்: அதே வங்கியின் எந்தக் கிளையிலும் கூற்றை அச்சடித்து முத்திரை குத்தித் தருவார்களாம். காலி வீதியில் அடுத்த சந்தியிலேயே ஒரு கிளை இருந்தது. சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு முகாமையாளரே கையெழுத்திட்டார். பகல் உணவுக்கு மூடுவதற்குள் திரும்பி வந்து அதே முகப்பில் அந்தத் தாளை வைத்தேன். வாங்கியவர் முத்திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பயணக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது என்பதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. கடைசிப் 15 நாள் வரை காத்திருந்து நெஞ்சிடி வாங்கத் தேவையில்லை.

பிறகு தொலைபேசியில் ஒரு விசாரணை. சுவிஸில் உறவினர் உண்டா? வடக்கில் பிறந்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தானே! இல்லை என்று சொல்லிவிடு என்று ஊரில் ஆளுக்காள் புத்தி சொல்லியிருந்தார்கள். நான் பேர்ணில் இருக்கும் மாமாவின் பெயரையும் முகவரியையும் படிவத்திலேயே எழுதியிருந்தேன். அதை வைத்துத்தான் கேட்டார்கள்; சொன்னதும் எழுதியதும் ஒன்றாக இருந்ததால் பேச்சு சில நிமிடங்களில் முடிந்தது. மறைத்தால்தான் தொல்லை. வீசா கிடைத்தது.

ஆனால் அதே மாமாவால்தான் முதல் நாள் தாமதம். ஜெனீவா ரயில் நிலையத்துக்கு வந்து என்னை 15ஆம் இலக்க டிராமில் ஏற்றினார். “மேசோன் து லா பே” என்று அறிவிப்புக் கேட்டதும் எழுந்தேன். “இரு பிள்ளை, ஜெனீவாவில் தமிழர் போகிற இடம் எனக்குத் தெரியாதா?” என்று கையைப் பிடித்து உட்கார்த்தி, ஐ.நா. முன்றலில் கொண்டுபோய் இறக்கினார். ஒவ்வோர் ஆண்டும் ஊர்வலத்துக்கு வந்து பழகிய கால்கள். அங்கே நிற்கும் 12 மீற்றர் உயர உடைந்த நாற்காலியை அண்ணாந்து பார்த்தேன். மிதிவெடிக்கு எதிராக 1997இல் வைத்த சிற்பம் அது. மாமா இத்தனை வருடம் அதன் கீழ் நின்று கோஷம் போட்டிருக்கிறார். எதற்காக ஒரு கால் முறிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டார்.

வந்த வழியே ஒரு தரிப்புத் திரும்ப வேண்டும். தண்டவாளத்தை ஒட்டி ஆறு இதழ் விரித்தாற்போல் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும், 2013இல் திறந்தது. பட்டப்பின் படிப்பு நிறுவனம், அதன் நூலகம், பாதுகாப்புக் கொள்கைக்கான ஜெனீவா நிலையம், பாதுகாப்புத் துறை ஆளுகைக்கான டீகாஃப் என்று ஒவ்வோர் இதழிலும் ஒவ்வொருவர். எல்லாருக்கும் முகவரி ஷெமான் யூஜேன் ரிகோ 2 தான். கடைசி எழுத்துத்தான் வேறு. எங்களுடையது 2சி. நான் நுழைந்தது 2டி. அங்கும் அன்றைக்கு ஒரு பயிற்சி, அங்கும் மேசையில் பெயர் அட்டைகள், அவற்றில் என் பெயர் மட்டும் இல்லை. முகவரியைக் கைபேசியில் பதியும்போது அந்த எழுத்தை விட்டுவிடாதீர்கள்.

பயிற்சியைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. குறை ஊர் திரும்பிய பிறகு. வீசாக் கட்டணம் 90 யூரோவைத் திருப்பித் தர எங்கள் கணக்குப் பிரிவு மூலப் பற்றுச்சீட்டைக் கேட்கிறது. அந்தச் சீட்டையோ, கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தபோது விண்ணப்ப நிலைய முகப்பிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். போகிறவர்கள் அங்கேயே ஒரு பிரதி எடுத்து, உண்மைப் பிரதி என்று முத்திரை போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். நான் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.