எல்பிஐசி 101 படிக்கிறவங்க கெஸ்ட் அடிஷன்ஸ கையால போட்டுப் பாருங்க

எல்பிஐசி-1ங்கிற லினக்ஸ் சர்டிபிகேட் பரீட்சையில முதல் பேப்பர், அதான் 101, எடுக்கப் போற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். சிலபஸ்ல 102.6ன்னு ஒரு தலைப்பு இருக்கும், லினக்ஸ் வர்ச்சுவல் மெஷினுக்குள்ள, அதாவது சாஃப்ட்வேராலயே உருவாக்குன கம்ப்யூட்டருக்குள்ள, கெஸ்ட்டா ஓடுறத பத்தி. வெயிட் வெறும் 1. மொத்தம் 60 கேள்வி, 90 நிமிஷம், அதுல இதுக்கு ஒரு கேள்விதான்னு நெறைய பேர் தாண்டிப் போயிடுறாங்க. தாண்டாதீங்க லா, இத ஒரு தடவ கையால செஞ்சு பாத்தா கெர்னல் (லினக்ஸோட மையம்) மாடியூல், குரூப், எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து லாகின் பண்றது)னு ரெண்டு பேப்பருக்கும் வேண்டியது கூடவே மண்டையில ஏறிடும்.

நான் பாயான் லெப்பாஸ்ல ஷிப்ட் வேலை, கிளாஸுக்கெல்லாம் போக நேரமில்ல. 8 ஜிபி ரேம் லேப்டாப்ல வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதுக்குள்ள உபுண்டு ஓட்டித்தான் படிச்சேன். அது தாராளமா போதும், இதுக்குன்னு ரிங்கிட்ட கொட்டி புது லேப்டாப் வாங்காதீங்க.

மொதல்ல ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்குங்க. அப்புறம் ஜிசிசி, மேக் (make) மாதிரி மாடியூல் கட்டுற டூல்ஸ், இப்ப ஓடுற கெர்னலுக்கு சரியா பொருந்துற ஹெட்டர்ஸ் ஃபைல்கள், இதெல்லாம் போட்டுட்டு அப்டேட் இருந்தா ரீபூட் பண்ணிட்டுத்தான் டிவைசஸ் மெனுவுல போயி கெஸ்ட் அடிஷன்ஸ், அதாவது கெஸ்ட்டுக்குள்ள போடுற வர்ச்சுவல்பாக்ஸ் டிரைவர்ஸ், இருக்கற சிடிய உள்ள விடணும். ஹெட்டர்ஸ் வேற வெர்ஷனா இருந்தா மாடியூல் கட்டாது, ஆனா இன்ஸ்டால் என்னமோ முடிஞ்ச மாதிரியே தெரியும். வார் லாக்ல விபாக்ஸ்ஆட்-செட்டப்னு ஒரு ஃபைல் இருக்கும், அத தெறந்து படிங்க, காரணம் அங்கதான் இருக்கும்.

இன்னொன்னு, லோட் ஆன மாடியூல காட்டுற எல்எஸ்மாட் கமாண்ட அடிச்சு விபாக்ஸ்கெஸ்ட்னு வந்துட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கக் கூடாது. 2018ல வந்த 4.16 கெர்னல்ல இருந்தே அந்த மாடியூல் லினக்ஸுக்குள்ளயே இருக்கு. நீங்க கட்டுனதா, கெர்னலோட வந்ததான்னு தெரியணும்னா மாட்இன்ஃபோ போட்டு ஃபைல் எந்த இடத்துல இருக்குன்னு பாருங்க.

ஷேர்டு ஃபோல்டர்ல பெர்மிஷன் டினைட்னு வந்தா பதறாதீங்க, உங்க யூசர விபாக்ஸ்எஸ்எஃப் குரூப்ல சேக்கணும், அவ்ளோதான். அதுக்கான யூசர்மாட் கமாண்ட்ல பெரிய ஜி மட்டும் போட்டு சின்ன ஏ-வ விட்டுட்டா அந்த யூசர் இருந்த மத்த குரூப்பெல்லாம் போயிடும், சூடோவும் சேத்து! சேத்த பெறகு லாக்அவுட் பண்ணி திரும்ப உள்ள வாங்க.

வர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதிலா விஎம்வேர்னா ஓப்பன்-விஎம்-டூல்ஸ், கேவிஎம்னா கியூஇஎம்யூ கெஸ்ட் ஏஜெண்ட், விர்ட்ஐஓ டிரைவர். பேர் தெரிஞ்சா போதும்.

இந்த தலைப்புலயே எனக்கு ரொம்ப பிடிச்ச எடம் குளோனிங்தான். உபுண்டு சர்வர் ஒண்ண குளோன் பண்ணி, மேக் (MAC) அட்ரஸ, அதான் நெட்வொர்க் கார்டோட நம்பர, மாத்தி, ரெண்டையும் பிரிட்ஜ்டு நெட்வொர்க்ல ஒண்ணா ஓட்டிப் பாருங்க. மேக் வேற வேறயா இருந்தும் ரெண்டுக்கும் ஒரே ஐபி வரும். பிறைல இருக்கற என் கூட்டாளி ரூட்டர்தான் கெட்டுப் போச்சுன்னு சொல்லிட்டான். ரூட்டர்ல ஒண்ணுமில்ல. ஈடிசில இருக்கற மெஷின்-ஐடி ஃபைல ரெண்டு பக்கமும் கேட் போட்டுப் பாத்தா ஒரே நம்பர், ஐபி குடுக்கற டிஎச்சிபிகிட்ட அந்த நம்பர வச்சுத்தான் அது தன்ன அடையாளம் காட்டுது. குளோன்ல அந்த ஃபைல காலி பண்ணிட்டு ரீபூட் பண்ணுங்க, புது நம்பர் தானா வந்துடும். ஃபைலயே அழிக்காதீங்க, காலியா விடுங்க.

எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீயும் அதே கதைதான், பழச அழிச்சுட்டு எஸ்எஸ்எச்-கீஜென்ல பெரிய ஏ போட்டா புதுசு உருவாகும். ஏற்கனவே அந்த குளோனுக்குள்ள போயிருந்தீங்கன்னா, அடுத்த தடவ ஹோஸ்ட் கீ மாறிடுச்சுன்னு லேப்டாப்ல பெரிய எச்சரிக்கை வரும். அது வரத்தான் செய்யணும். நோன்-ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல இருந்து பழைய வரிய எஸ்எஸ்எச்-கீஜென்ல பெரிய ஆர் போட்டு எடுத்துடுங்க, அது 102 பேப்பர்ல 110.3 தலைப்புக்கு உதவும்.