கேட்டையின் மூன்றாவது விண்மீன்

அம்மா பிறந்த நட்சத்திரம் கேட்டை. வானத்தில் அது மூன்று விண்மீன்கள்: நடுவில் சிவப்பாக அன்டாரஸ், இருபுறமும் நீலவெள்ளையாகச் சிக்மாவும் டௌவும். இரண்டு மாதமாக என் பொழுதெல்லாம் அந்த டௌ ஸ்கார்ப்பியோடுதான்.

சூரியனுக்கு அப்பால் ஒரு விண்மீனின் வளிமண்டலத்தை நிறமாலை (ஒளியை நிறவாரியாகப் பிரித்த பட்டை) கொண்டு முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தது இதில்தான். ஜெர்மன் வானியலாளர் ஆல்பிரெக்ட் உன்சோல்ட் 1939இல் அமெரிக்கா போய் எடுத்த நிறமாலைகளை ஜெர்மனிக்குக் கொண்டுவந்து, போர் நடந்த ஆண்டுகளில் கணினி இல்லாமலே கணக்கிட்டார். அதை நினைத்தாலே எனக்குச் சோர்வு போய்விடும்.

இன்று கணினி நிரல் இருக்கிறது. வெப்பநிலை, ஈர்ப்பு, தனிமங்களின் அளவு மூன்றையும் கொடுத்தால், வளிமண்டலத்தை அடுக்கடுக்காகக் கட்டி நிறமாலையைத் தரும். இந்த மாதிரி நிறமாலை விண்மீனின் உண்மையான நிறமாலையோடு பொருந்தும்வரை அளவுகளை மாற்றிப் பார்ப்பதுதான் என் வேலை. இவ்வளவு சூடான விண்மீனில் அணுக்களின் நிலையை மோதல்களைவிட ஒளிதான் அதிகம் முடிவு செய்கிறது. அதனால் வெப்பநிலையையும் அடர்த்தியையும் வைத்து எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று சொல்லும் சாகா சமன்பாடு மட்டும் போதாது. ஒளி அணுவை மாற்றும், மாறிய அணு ஒளியை மாற்றும்; இரண்டும் ஒத்துப்போகும்வரை நிரல் சுற்றிச் சுற்றி வரவேண்டும்.

ஈர்ப்புக்கு நான் பார்த்தது 4340 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் உள்ள ஹைட்ரஜன் காமா என்ற இருண்ட கோட்டின் இறக்கைகளை, அதாவது இருபுறமும் மெல்ல மங்கிப் பரவும் ஓரங்களை. ஈர்ப்பு கூடினால் அடர்த்தி கூடும், இறக்கை அகலும். வெப்பநிலைக்குச் சிலிக்கான்: இரண்டு எலக்ட்ரானை இழந்த சிலிக்கானின் கோடு 4553இல், மூன்றை இழந்ததன் கோடு 4116இல். சூடு ஏறினால் முதலாவது மெலியும், இரண்டாவது தடிக்கும். ஆனால் இரண்டு அளவும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஈர்ப்பைக் கூட்டினால் அயனிகள் எலக்ட்ரான்களைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அதை ஈடுகட்ட வெப்பநிலையை ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஹைட்ரஜன் இறக்கை ஒடுங்கும், மறுபடி ஈர்ப்பைத் தொட வேண்டும்.

எனக்கு 30,500 கெல்வினும் ஈர்ப்பின் மடக்கை 3.9-உம் கிடைத்தன. ஹைட்ரஜனும் சிலிக்கானும் அழகாகப் பொருந்தின. எலக்ட்ரானை இழந்த அயனி ஹீலியத்தின் 4542 கோடு மட்டும் மாதிரியில் ஆழம் குறைவாகவே நின்றது. ஹீலியம் அளவைக் கூட்டிப் பார்த்தேன். அப்புறம் சாதாரண ஹீலியத்தின் 4471 கெட்டது. மூன்று வாரம் மாதிரியையே சந்தேகித்தேன்.

தவறு தரவைத் தயார் செய்த விதத்தில் இருந்தது. எஷெல் நிறமாலைமானி ஒளியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தருகிறது. ஹைட்ரஜன் காமாவின் இறக்கைகள் ஒரு துண்டில் பெரும்பகுதியை நிரப்பிவிடும். தொடர்நிறமாலையின் மட்டத்தை, அதாவது கோடுகளே இல்லாவிட்டால் ஒளி இருந்திருக்கும் அளவை, வரைந்தபோது இறக்கையின் ஓரத்தையே மட்டம் என்று எடுத்துக்கொண்டு அதை வெட்டிவிட்டிருக்கிறேன். இறக்கை குறைந்ததும் ஈர்ப்பு இறங்கியது, கூடவே வெப்பநிலையையும் இழுத்துக்கொண்டு போனது.

அந்தத் துண்டை விட்டு, பக்கத்துத் துண்டுகளின் மட்டத்தை வைத்து மறுபடி வரைந்தேன். 32,000 கெல்வின், 4.2. இந்த முறை 4542-உம் உட்கார்ந்தது. திரையில் விண்மீனின் கறுப்புக் கோட்டின்மேல் மாதிரியின் சிவப்புக் கோடு மறைந்துபோனதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இதுல எதுடா நட்சத்திரம்?" என்று கேட்டார். கறுப்புக் கோடு என்றேன்.

நாளை நைட்ரஜன். அது இந்த விண்மீனில் வழக்கத்தைவிட அதிகம் என்கிறார்கள். என் மட்டக்கோடுகளை எல்லாம் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்கப்போகிறேன்.