29சி-யும் கார் சாவியும்

போன வாரம் தான் தெரிஞ்சுது, எங்கம்மா மாசத்துக்கு ரெண்டு மூணு தடவ தனியா பெசன்ட் நகர் பீச்சுக்குப் போயிட்டு வர்றாங்கன்னு. சில்லறை தேட அவங்க பர்ஸ தொறந்தா உள்ள மகளிர் இலவச டிக்கெட்டு ஒரு கத்தை, எல்லாம் 29சி பஸ்ஸோடது. என்னம்மா இதுன்னேன். "சும்மா தான்டி, அஷ்டலட்சுமி கோயில் போவேன், அப்புறம் கொஞ்ச நேரம் அலைய பாத்துட்டு உக்காந்திருப்பேன், உங்கப்பா மத்தியானம் தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள வந்துருவேன்"ன்னாங்க. அறுபத்திரெண்டு வயசு! பெரம்பூர்ல இருந்து பெசன்ட் நகர் ஒண்ணும் பக்கத்துத் தெரு இல்ல, சென்னையோட இந்த முனைல இருந்து அந்த முனை.

ஆபீஸ்ல கார் சுதந்திரமா பஸ் ட்ரெயின் சுதந்திரமான்னு பசங்க பேசிட்டிருந்தப்ப எனக்கு இது தான் ஞாபகம் வந்துச்சு. அவங்க எல்லாரும் நேரம், ஏசி, பெட்ரோல் விலை, பார்க்கிங்னே பேசுனாங்க, யார்கிட்ட கேட்டுட்டு கிளம்பணும்னு ஒருத்தனும் பேசல, பேசவும் மாட்டான், அவன் எப்ப கேட்டான்.

2021 மே மாசம் ஸ்டாலின் பதவியேத்த அன்னிக்கே சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு ஃப்ரீன்னு கையெழுத்து போட்டாரு, ரெண்டு மூணு நாள்ல லாக்டவுன் வந்து பஸ்ஸே ஓடல, அதனால எங்க வீட்ல யாரும் அத பெருசா எடுத்துக்கல. நானே "போக வர முப்பது ரூவா, அதுல என்ன ஆயிடப் போகுது"ன்னு தான் நெனச்சேன். ஆனா அந்த முப்பது ரூவாய அம்மா அப்பாகிட்ட கேக்கணும், கேட்டா எங்கன்னு சொல்லணும், சொன்னா எதுக்குன்னு வரும். பீச்சுல சும்மா உக்கார்றதுக்குன்னு எந்தப் பொம்பளையாவது பதில் சொல்ல முடியுமா? இப்ப அந்தக் கேள்வியே இல்ல. காசு குடுக்கணும்ங்கற டீலக்ஸ் வந்தா விட்டுட்டு, ஃப்ரீயா போற பிங்க் பஸ் வர்ற வரைக்கும் ஸ்டாப்லயே நிப்பாங்களாம், வெயிலானாலும்.

என் கத வேற. எனக்கு ஆபீஸ் டைடல் பார்க் பக்கம். பெரம்பூர்ல லோக்கல் ஏறி சென்ட்ரல், அங்கேருந்து பார்க் டவுன், பறக்கும் ரயில்ல திருவான்மியூர், இது தான் பல வருஷமா. 2023 ஆகஸ்ட்ல நாலாவது ரயில் லைன் வேலைக்காக பீச்ல இருந்து சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் நிறுத்திட்டாங்க, பார்க் டவுன் அவுட்டு. திரும்ப ஓட 2024 அக்டோபர் ஆயிடுச்சு. அந்த கேப்ல தான் பழைய வேகன்ஆர் ஒண்ணு வாங்குனேன். ஆசப்பட்டு வாங்கல, வேற வழியில்லாம வாங்குனது.

காலைல அந்தக் கார்ல போறது தண்டனை. மெட்ரோவுக்காக பெரம்பூர், புரசைவாக்கம், ராயப்பேட்டை, மந்தைவெளி, அடையார்னு என் வழி பூரா தோண்டி வச்சிருக்காங்க, மத்திய கைலாஷ் சிக்னல்ல நிக்கறப்ப எல்லாம் ட்ரெயின்ல தூங்கிட்டு வந்த காலம் நெனப்புக்கு வரும். அது போக கார எடுத்தா வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும். சாவி ஆணில இல்லன்னா "எங்க போயிருக்கா"ன்னு ஆரம்பிச்சிடும், ஞாயித்துக்கிழமைன்னா அத்தைய கொண்டு போய் விடு, சித்தப்பாவ ஏத்திட்டு வா, நான் என்னமோ சம்பளம் இல்லாத டிரைவர்.

ஆனா ராத்திரி பத்தரைக்கு வேலை முடியுதுன்னு வச்சுக்கோங்க. அந்த திருவான்மியூர் ஸ்டேஷன் இருக்கே, எவ்ளோ பெரிய கட்டடம், அந்நேரத்துக்கு ஆளே இருக்காது, படிக்கட்டுல பின்னாடி செருப்புச் சத்தம் கேட்டா வயித்த கலக்கும். பஸ் ஃப்ரீயா இருந்து என்ன செய்ய. கார் கதவ லாக் பண்ணி பாட்டு போட்டுட்டு அடையார் பாலம் ஏறும்போது தான் அன்னிக்கு முழுசா மூச்சு விடுவேன். இத எந்த பஸ்ஸும் எனக்கு இன்னும் குடுக்கல, குடுத்தா நாளைக்கே வண்டிய வித்துடுவேன், இஎம்ஐ மிச்சம்.

அம்மாகிட்ட "அடுத்த தடவ சொல்லும்மா, கார்லயே கூட்டிட்டு போறேன்"னேன். "வேணாம்டி, நீ வந்தா மணி பாத்துட்டே இருப்ப"ன்னுட்டாங்க. பெரம்பூர்ல இருந்து மயிலாப்பூர், அடையார் வழியா மெட்ரோ வரப்போகுது, கிட்டத்தட்ட உன் 29சி ரூட்டு தான்னு சொன்னேன்.

"அதுல ஃப்ரீயா?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க, "அது வந்துட்டா 29சிய நிறுத்திட மாட்டாங்கல்ல?"